நாலுக்கு நாலு போதாது

“எத்தனைக்கு எத்தனை சார்?”

மூங்கில் திரை விற்பவர் முதலில் கேட்பது இதைத்தான். நாமும் யோசிக்காமல் “நாலுக்கு நாலுப்பா” என்போம். சுவரில் கொத்தனார் விட்ட திறப்பின் அளவு அது. அதே அளவுக்குத் திரையை வாங்கி மாட்டுவோம். சித்திரை மாதத்தில் சாயங்காலம் நாலு மணிக்கு, திரையின் ஓரமாகப் புகுந்து கட்டிலில் பட்டை பட்டையாக விழும் வெயிலைப் பார்த்துவிட்டு, சரக்கு மட்டம் என்று முடிவு கட்டுவோம். சரக்கின் மேல் பெரும்பாலும் தப்பிருக்காது. வெயில் எந்தக் கோணத்தில் வருகிறது, திரை ஜன்னலிலிருந்து எவ்வளவு தள்ளித் தொங்குகிறது, குச்சிக்கும் குச்சிக்கும் நடுவே சந்து எவ்வளவு என்ற மூன்றையும் பார்க்காமல் சொல்கிற நாலுக்கு நாலு, சுவரின் அளவே தவிர நிழலின் அளவு அல்ல.

வடசென்னையின் பெரம்பூரை எடுத்துக்கொள்வோம். நிலநடுக்கோட்டுக்கு வடக்கே சுமார் 13.1 டிகிரியில் இருக்கிறது. ஏப்ரல் 24, 25ஐ ஒட்டி ஒருமுறையும் ஆகஸ்ட் 18ஐ ஒட்டி இன்னொரு முறையும் உச்சிவேளைச் சூரியன் இங்கே தலைக்கு நேர் மேலே நிற்கும். இந்த இரண்டு நாட்களுக்கும் இடைப்பட்ட ஏறக்குறைய நான்கு மாதமும் நடுப்பகல் சூரியன் நமக்கு வடக்கே இருக்கும். வடக்குப் பார்த்த ஜன்னலில் வெயிலே அடிக்காது என்று நம்பி வீடு பார்த்தவர்கள் ஜூன் மாதத்தில் குழம்புவது இதனால்தான். ஜூன் 21 அன்று சூரியன் நேர் கிழக்கிலிருந்து சுமார் 24 டிகிரி வடக்கே விலகி உதிக்கும். நேர் மேற்கிலிருந்து அதே அளவு வடக்கே விலகி மறையும்.

ஆனாலும் வடக்கு ஜன்னலில் விழுவது சாய்ந்து வழுக்கிப்போகும் வெயில். தெற்கு ஜன்னலில் குளிர்காலத்தில்தான் வெயில் அதிகம். அப்போதும் நடுப்பகலில் சூரியன் 53 டிகிரிக்குக் கீழே இறங்காது என்பதால் சன்ஷேட் பெரும்பகுதியைத் தாங்கிவிடும். கிழக்கு ஜன்னலில் காலை வெயில் உண்டு; அந்த நேரத்தில் சுவரும் காற்றும் இன்னும் சூடேறியிருக்காது. மிச்சம் இருப்பது மேற்கு. பெரம்பூரில் திரைக்குச் செலவழிக்கக் கொஞ்சம்தான் பணம் இருக்கிறது என்றால், முழுவதையும் மேற்கு ஜன்னலில் போடலாம்.

மேற்கில் சன்ஷேட் ஏன் கைவிடுகிறது என்பதைக் கணக்காகவே பார்க்கலாம். நாலடி உயர ஜன்னல், அதன் மேல் இரண்டடி நீண்ட சன்ஷேட். முழு ஜன்னலுக்கும் நிழல் விழ வேண்டுமானால், சுவரின் பக்கவாட்டிலிருந்து பார்க்கும்போது வெயில் 63 டிகிரிக்கு மேல் செங்குத்தாக இறங்க வேண்டும். மார்ச் 21ஐ ஒட்டிய நாட்களில் மேற்குச் சுவரில் அந்த நிலை ஏறத்தாழ ஒன்றே முக்கால் மணியோடு முடிந்துவிடுகிறது. நாலு மணிக்கு சன்ஷேட்டின் நிழல் ஜன்னலின் மேல்பகுதியில் 34 சென்டிமீட்டர் அளவுக்கே விழும்; அடி கணக்கில் சொன்னால் ஓரடிக்குக் கொஞ்சம் மேலே. ஐந்து மணிக்கு அரையடிதான். சன்ஷேட்டை இரண்டடியிலிருந்து மூன்றடியாக்கினாலும் பெரிதாக மாறிவிடாது. தாழ வரும் வெயிலை மேலே நீட்டிய பலகையால் மறைக்க முடியாது. எதிரே தொங்கவிட ஏதாவது வேண்டும்.

(இங்கே நான் சொல்லும் மணி, சூரியன் காட்டும் மணி. சென்னையில் கடிகாரத்தோடு ஒப்பிட்டால் சூரியன் சராசரியாக ஒன்பது நிமிடம் பின்தங்கியே வருகிறது, ஏனென்றால் இந்திய நேரம் நமக்குக் கிழக்கே உள்ள 82.5 டிகிரி தீர்க்கரேகையை வைத்துக் கணக்கிடப்படுகிறது. 1906க்கு முன் இந்தியாவின் ரயில்கள் ஓடியது மெட்ராஸ் வானாய்வுக்கூடம் காட்டிய நேரத்தில். ரயில்வே பணிமனைகளைச் சுற்றி வளர்ந்த பெரம்பூரில் அன்று கடிகாரத்துக்கும் நிழலுக்கும் இவ்வளவு சண்டை இருந்திருக்காது.)

இனி வெப்பம். தெளிந்த நாளில் நாலு மணி வெயில் மேற்குச் சுவரின் ஒவ்வொரு சதுர மீட்டரிலும் 500 வாட்டை ஒட்டிக் கொட்டுகிறது. நாலுக்கு நாலு ஜன்னல் ஏறக்குறைய ஒன்றரைச் சதுர மீட்டர். ஆக, சுமார் 750 வாட். அறைக்குள் ஓர் இஸ்திரிப் பெட்டியைப் போட்டுவிட்டு அணைக்க மறந்ததற்குச் சமம் அது, அதுவும் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு.

இந்த வெப்பத்தை எங்கே நிறுத்துகிறோம் என்பதில்தான் திரை வேலை செய்வதும் செய்யாததும் இருக்கிறது. கண்ணாடி, சூரியனிலிருந்து வரும் ஒளியையும் அதை ஒட்டிய குறுகிய அகச்சிவப்புக் கதிர்களையும் தாராளமாக உள்ளே விடும். ஆனால் வெயிலில் சூடான ஒரு பொருள், அது தரையோ சோபாவோ திரையோ, திருப்பி உமிழ்வது நீண்ட அலைநீள அகச்சிவப்பு. அதன் உச்சம் பத்து மைக்ரான் பக்கத்தில். அந்தக் கதிருக்குக் கண்ணாடி சுவர் மாதிரி. திரை கண்ணாடிக்கு உள்பக்கம் தொங்கினால் வெயில் கண்ணாடியைத் தாண்டி வந்து திரையைச் சூடாக்குகிறது; சூடான திரை அறையையும் அறைக் காற்றையும் சூடாக்குகிறது; வந்த வழியே வெப்பம் திரும்ப முடிவதில்லை. வெளிர் நிறத் திரையாக இருந்தால் ஒரு பகுதி ஒளி ஒளியாகவே எதிரொளித்து வெளியே போகும். கரும்பழுப்புத் திரையில் அதுவும் இல்லை. அதே திரை வெளிப்பக்கம் தொங்கினால் அதன் சூட்டைத் தெருக்காற்று கொண்டுபோய்விடும். உள்ளே தொங்குவதைவிட வெளியே தொங்குவது இரண்டு மூன்று மடங்கு நன்றாக வேலை செய்யும் என்பது கட்டட இயற்பியலில் பழைய செய்தி. ஆலடர், விக்டர் ஓல்கியாய் என்ற இரட்டைச் சகோதரர்கள் 1957இல் வெயில் தடுப்பான்களைப் பற்றி எழுதிய நூலிலேயே இந்த ஒப்பீடு விரிவாக உண்டு. இந்திய–சுவிஸ் கட்டட எரிசக்தித் திட்டம் ஒன்று 2011 முதல் நம் நாட்டில் வேலை செய்தபோதும் ஜன்னலுக்கு வெளியே பொருத்தி நகர்த்தக்கூடிய மறைப்புகளைத்தான் வலியுறுத்தியது. 2018இல் மத்திய அரசு குடியிருப்புகளுக்காக வெளியிட்ட ‘எகோ நிவாஸ் சம்ஹிதா’ விதித்தொகுப்பும் சுவர், ஜன்னல் வழியாக உள்ளே வரும் வெப்பத்துக்குச் சதுர மீட்டருக்கு 15 வாட் என்று ஓர் உச்சவரம்பு வைத்து, அந்தக் கணக்கில் ஜன்னலின் வெளிப்புற நிழலுக்கு இடம் தருகிறது.

சுவிட்சர்லாந்து என்றதும் பெரம்பூர்க்காரர்களுக்கு வேறொன்று நினைவுக்கு வரலாம். 1955 அக்டோபர் 2 அன்று நேரு தொடங்கிவைத்த ஐ.சி.எஃப். ரயில்பெட்டித் தொழிற்சாலைக்குப் பெட்டி கட்டும் நுட்பத்தைத் தந்தது சூரிச்சுக்குப் பக்கத்து ஷ்லீரென் நகர நிறுவனம்தான். அங்கே செய்த பழைய நீலப் பெட்டிகளின் ஜன்னலில் இரண்டு கதவுகள் மேலும் கீழும் ஓடும்: ஒன்று கண்ணாடி, ஒன்று சாய்ந்த தகடுகள் அடுக்கிய ஷட்டர். மத்தியான வெயிலில் பயணிகள் கண்ணாடியை ஏற்றிவிட்டுத் தகட்டு ஷட்டரை இறக்குவார்கள். வெயிலை நிறுத்த வேண்டும், காற்றை நிறுத்தக் கூடாது. யாரும் யாருக்கும் சொல்லித்தரவில்லை.

மூங்கில் திரையின் உண்மையான சாமர்த்தியமும் அதுதான். கெட்டித் துணியோ ரோலர் பிளைண்டோ வெயிலை இன்னும் நன்றாக மறைக்கும், ஆனால் அறை புழுங்கும். சென்னையின் கோடையில் மத்தியானத்துக்கு மேல் கிழக்கிலிருந்தும் தென்கிழக்கிலிருந்தும் கடற்காற்று உள்ளே வருகிறது. ராயபுரம் கடற்கரையிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பெரம்பூருக்கும் அது வந்து சேரும். அதே நேரத்தில் வெயில் அடிப்பது மேற்கில். கிழக்கு ஜன்னல் வழியே நுழையும் காற்று வெளியேற மேற்கு ஜன்னல் திறந்திருக்க வேண்டும். மேற்கை இறுக்க மூடினால் கிழக்கிலும் காற்று நுழையாது. ஒரே ஜன்னல் வெயிலுக்கு மூடியும் காற்றுக்குத் திறந்தும் இருக்க வேண்டிய ஊர் இது.

குச்சிகள் அதை எப்படிச் சாதிக்கின்றன? மூன்று மில்லிமீட்டர் தடிமனுள்ள உருண்டைக் குச்சிகளை ஒரு மில்லிமீட்டர் சந்து விட்டுக் கோத்திருப்பதாக வைத்துக்கொள்வோம். நேராகப் பார்த்தால் நான்கில் ஒரு பங்கு திறப்பு. கிடைமட்டமாக வரும் காற்றுக்கு 25 சதவீதம் வழி. ஆனால் மேலிருந்து சாய்வாக வரும் வெயிலுக்கு அடுத்தடுத்த குச்சிகள் ஒன்றையொன்று நெருங்கினாற்போல் தெரியும். வெயில் 41 டிகிரிக்கு மேல் இருக்கும்வரை அதன் கண்ணுக்குச் சந்தே கிடையாது. நேர்க்கதிர் ஒன்றுகூட உள்ளே வராது. மார்ச் மாத மேற்கு ஜன்னலில் அது மூன்றேகால் மணிவரை. நாலு மணிக்கு 14 சதவீதம் நுழையும், ஐந்து மணிக்கு 22. வெயில் பலமாக இருக்கும் நேரத்தில் திரை தானாக மூடிக்கொள்கிறது, வெயில் தளரத் தளரத் திறக்கிறது. இதற்காகத்தான் குச்சிகள் கிடைமட்டமாக இருக்க வேண்டும். அழகுக்காக நெட்டுக்குத்தாகக் கோத்த திரைகளும் கடைகளில் வருகின்றன. மேற்கு ஜன்னலுக்கு அவை வேண்டாம்.

கடையில் இதைச் சோதிப்பது எளிது. திரையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து நேராகப் பாருங்கள். பிறகு தலைக்கு மேலே தூக்கி, கீழிருந்து சாய்வாகப் பாருங்கள். நேராகத் தெரிந்த வெளிச்சம் சாய்வில் காணாமல்போனால் நல்ல நெசவு. சாய்த்துப் பார்த்தும் அதே அளவு வெளிச்சம் தெரிந்தால், குச்சி மெல்லியதாகவும் சந்து அகலமாகவும் இருக்கிறது என்று அர்த்தம். தட்டைப் பட்டையாகச் சீவிய திரைகளில் பட்டையின் தடிமனைவிடச் சந்து பெரிதாக இருக்கக் கூடாது. இருந்தால் 45 டிகிரி வெயிலே உள்ளே வந்துவிடும். ஒரே திரையில் மேல் பாதி நெருக்கமாகவும் கீழ் பாதி தளர்வாகவும் இருப்பதையும் கவனியுங்கள். கையால் கோர்க்கும் வேலையில் அது நடக்கும். கோபித்துக்கொள்ள வேண்டாம், வேறொன்றை எடுத்தால் போதும்.

நிறத்தைப் பற்றிக் கடைக்காரர்கள் சொல்வது பெரும்பாலும் உள் அலங்காரக் கணக்கு. இயற்பியல் கணக்கு வேறு. உள்ளே தொங்கவிடுவதானால் வெளிர் நிறம், தயங்கவே வேண்டாம். வெளியே தொங்கவிடுவதானால் அடர்நிறமும் பரவாயில்லை. சூடாவது தெருவின் பக்கம். தவிர, அடர்நிறக் குச்சிகள் வெயிலில் மினுக்காததால் அவற்றின் ஊடே வெளியே பார்ப்பது கண்ணுக்கு எளிது. பகலில் உள்ளேயிருந்து தெரு தெரியும், தெருவிலிருந்து உள்ளே தெரியாது. வெளியே வெளிச்சம் பல பத்தாயிரம் லக்ஸ், உள்ளே சில நூறு லக்ஸ் என்பதுதான் காரணம். ராத்திரி லைட்டைப் போட்டதும் கணக்கு தலைகீழாகும். அதற்கு மூங்கில் திரையிடம் பதில் கிடையாது. உள்ளே ஒரு சாதாரணத் துணித்திரை வேண்டும்.

வெளியே தொங்கவிடலாம் என்று சொல்லிவிட்டால் போதுமா? நம் ஜன்னல்கள் அதற்கு ஒத்துவர வேண்டுமே. பழைய வீடுகளில் கம்பி உள்பக்கம், கதவு வெளிப்பக்கமாகத் திறக்கும். சுவரை ஒட்டித் திரையை மாட்டினால் ஜன்னல் கதவு திறக்காது. வெளிநாட்டு விளம்பரப் படங்களில் ஜன்னல் குழிக்குள் கச்சிதமாக உட்கார்ந்திருக்கும் திரை அழகாகத்தான் இருக்கிறது; அந்தப் படங்களின் ஜன்னல் வேறு, வெயில் வேறு. நமக்குக் கைகொடுப்பது சன்ஷேட்டின் விளிம்பு. அங்கே கொக்கி போட்டுத் தொங்கவிட்டால் சுவருக்கும் திரைக்கும் நடுவே இரண்டடி கிடைக்கும். நாலடி ஜன்னலுக்கு மூன்று கதவு என்றால் ஒவ்வொன்றும் பதினாறு அங்குலம், தாராளமாகத் திறக்கும். இரண்டு கதவு என்றால் இடிக்கும், இரண்டு மூன்று அங்குலம் முன்னால் தள்ளி இரும்புப் பட்டை வைத்துத் தொங்கவிட வேண்டும். ஸ்லைடிங் ஜன்னலுக்கு இந்தத் தொல்லை இல்லை.

ஆனால் இரண்டடி தள்ளித் தொங்கும் திரைக்கு நாலடி அகலம் போதாது. வெயில் நேர் எதிரிலிருந்து மட்டும் வருவதில்லையே. ஏப்ரல் நடுவில் நாலு மணிச் சூரியன் ஏறக்குறைய நேர் மேற்கில்தான் இருக்கிறது. பக்கவாட்டில் ஓரிரு அங்குலம் அதிகம் இருந்தால் போதும். ஜூன் மாதம் அதே நேரத்தில் அது சுமார் 20 டிகிரி வடக்கே ஒதுங்கிவிடும். இரண்டடி இடைவெளியில் அந்தச் சாய்வு எட்டு முதல் ஒன்பது அங்குலம் வழுக்கும். அதாவது ஜன்னலின் வடக்கு ஓரத்துக்கு அப்பால், உள்ளே நின்று மேற்கே பார்ப்பவருக்கு வலது கைப்பக்கம், திரை ஒன்பது அங்குலம் நீண்டிருக்க வேண்டும். இடது பக்கம் மூன்று அங்குலம் நீண்டால் கோடைக்குப் போதும். டிசம்பரில் சூரியன் தெற்கே 30 டிகிரிக்கும் அதிகமாகச் சாய்ந்து இடது ஓரமாக எட்டிப்பார்க்கும். அந்த மாத வெயிலை விட்டுவிடலாம் என்பது என் கட்சி. ஆக, நாலடி ஜன்னலுக்கு ஐந்தடி அகலத் திரை. அதை நடுவில் மாட்டாமல் வலப்பக்கம் தள்ளி மாட்ட வேண்டும். தெருவிலிருந்து பார்ப்பவர்களுக்குக் கோணலாகத் தெரியும், தெரியட்டும்.

உயரத்தில் இதற்கு நேர்மாறு, கொஞ்சம் மிச்சப்படுத்தலாம். ஜன்னலின் அடிக்கட்டையைத் தொடும் கதிர், இரண்டடி முன்னால் தொங்கும் திரையைக் கடக்கும் இடம் அடிக்கட்டை மட்டத்துக்கு மேலேதான் இருக்கும். மார்ச் மாதம் ஐந்து மணி வெயிலுக்கு அது ஆறு அங்குலம் மேலே. ஜூன் மாதம் எட்டு அங்குலத்துக்கும் மேலே. அதாவது திரை அடிக்கட்டைக்கு அரையடி மேலேயே முடிந்தாலும் ஐந்து மணிவரை அறைக்குள் வெயில் வராது. கீழே கிடைக்கும் அந்த அரையடிச் சந்து காற்றுக்கு. ஐந்து மணிக்கு மேல் வரும் வெயிலில் பாதி, எதிர்வீடு பார்த்துக்கொள்ளும்: இருபதடித் தெருவுக்கு அந்தப் பக்கம் ஒரு மாடி, நம் ஜன்னல் அடிக்கட்டையிலிருந்து பத்தடி உயரத்துக்கு எழுந்து நின்றால், 26 டிகிரிக்குக் கீழே இறங்கிய வெயில் நம்மை எட்டாது. பெரம்பூரை ஒட்டிய செம்பியத்திலும் அகரத்திலும் நெருக்கமான தெருக்களின் தரைத்தளத்துக்கு மேற்குத் திரையே தேவைப்படாமல் போகலாம். மூன்றாவது மாடிக்காரருக்குத்தான் முழு நீளமும் வேண்டும். வாங்கும் முன் ஒரு நாள் சாயங்காலம் வீட்டில் இருந்து, வெயில் எத்தனை மணிக்கு எந்த ஓரத்தில் விழுகிறது என்று சாக்பீஸால் சுவரில் குறித்துவைத்தால் இந்தக் கணக்கு எதுவும் வேண்டாம்.

பால்கனிக்கும் இதே கணிதம்தான். நாலடி ஆழ பால்கனியில் ஜூன் மாதப் பக்கச்சாய்வு பதினேழு அங்குலம் ஆகிவிடும், ஆகவே வடக்குப் பக்கத் திறப்புக்கும் ஒரு சிறு திரை தேவைப்படும். கீழே கைப்பிடிச் சுவர் இருப்பதால் திரை அதன் தலையைத் தொட்டால் போதும், தரைவரை இறக்குவது வீண் செலவு.

வாடகை வீட்டில் இருப்பவர்கள் இதையெல்லாம் படித்துச் சிரிக்கலாம். வெளியே கொக்கி அடிக்க ஓனர் விடமாட்டார். அப்படியானால் உள்பக்கம்தான். அளவெடுக்கும் விதம் இப்போது வேறு. ஜன்னல் குழிக்குள் உட்காரும் திரைக்கு அகலத்தை மேலே, நடுவே, கீழே என்று மூன்று இடத்தில் அளந்து, மூன்றில் சிறியதை எடுத்து, அதிலும் கால் அங்குலம், தச்சர் கணக்கில் இரண்டு நூல், குறைத்துக்கொள்ள வேண்டும். பூச்சு வேலையில் குழி நேராக அமைவது அபூர்வம். மூலைக்கு மூலை குறுக்காக இரண்டு பக்கமும் அளந்து பாருங்கள்; இரண்டும் சமமாக இருந்தால்தான் குழி சதுரம். அரை அங்குலத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் குழிக்குள் போடும் எண்ணத்தை விட்டுவிட்டு, சுவரின் மேல் இரண்டு பக்கமும் மூன்று அங்குலம் ஏறும்படி பெரிதாகவே வாங்குங்கள். கடைக்காரரிடம் அகலத்தை முதலில் சொல்ல வேண்டும், “அகலம்” என்ற சொல்லோடு சேர்த்தே. குச்சி ஓடும் திசை அகலம். ஐந்துக்கு நாலும் நாலுக்கு ஐந்தும் சதுர அடிக் கணக்கில் ஒன்றுதான், விலையும் ஒன்றுதான். ஆனால் மாறிப்போனால் வெட்டித் திருத்த முடியாது.

இஞ்ச் டேப்பின் நுனியில் இருக்கும் கொக்கி ஆடுகிறது என்று சிலர் அதைச் சுத்தியலால் தட்டி இறுக்குவதுண்டு. தட்டாதீர்கள். அது வேண்டுமென்றே ஆடுகிறது. குழிக்குள் முட்டவைத்து அளக்கும்போது கொக்கியின் தடிமன் அளவுக்கு உள்ளே போகும். வெளி விளிம்பில் மாட்டி இழுக்கும்போது அதே அளவு வெளியே வரும். இரண்டிலும் சரியான அளவு கிடைக்கத்தான் அந்த ஆட்டம்.

அளவெடுப்பவர்கள் எல்லோரும் மறப்பது, சுருட்டியபின் திரை எங்கே போகும் என்பதை. ஐந்தடி நீளத் திரை, நாலு மில்லிமீட்டர் தடிமன் என்றால் அதன் பக்கவெட்டுப் பரப்பு சுமார் 60 சதுர சென்டிமீட்டர். இறுக்கமாகச் சுருட்டினால் ஒன்பது சென்டிமீட்டர் விட்டமுள்ள உருளை. நிஜத்தில் தளர்வு சேர்ந்து நாலு முதல் ஐந்து அங்குலம். ஜன்னலின் மேல்விளிம்பிலேயே மாட்டினால் இந்த உருளை எப்போதும் கண்ணுக்கு முன்னால் தொங்கும். வெளிப்பக்கக் கதவின் தலையிலும் இடிக்கும். மேலே அரையடி இடம் விட்டு மாட்ட வேண்டும்.

கயிற்றின் நீளத்தையும் யாரும் கேட்பதில்லை. திரையின் பின்னால் மேல்கட்டையில் கட்டிய கயிறு, கீழே போய் உருளையைச் சுற்றி முன்பக்கமாக ஏறிக் கப்பியைத் தாண்டி நம் கைக்கு வருகிறது. உருளை இங்கே நகரும் கப்பியின் வேலையைச் செய்கிறது: ஐந்து கிலோத் திரையைத் தூக்க இரண்டரைக் கிலோ இழுப்பு, உராய்வுக்குக் கொஞ்சம் கூட. பதிலுக்கு, திரை ஓரடி ஏற நாம் இரண்டடி இழுக்க வேண்டும். ஆகவே ஒவ்வொரு கயிறும் திரை உயரத்தைப்போல் இரண்டு மடங்கு, அதோடு கைக்கு எட்டும் நீளம். பருத்திக் கயிறு மழையில் நனைந்தால் இழைகள் பருத்து, முறுக்கு இறுகி, நீளத்தில் சுருங்கும். இரண்டு கயிற்றில் ஒன்று மட்டும் நனையும் இடமானால் திரை ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்பது அதனால்தான். நைலான் சுருங்காது, வெயிலில்தான் இற்றுப்போகும். எந்தக் கயிறானாலும், இழுத்து மிஞ்சியதைச் சுவரில் உயரமாகக் கட்டைபோட்டுச் சுற்றிவையுங்கள். கீழே தொங்கும் கயிற்று வளையத்தில் குழந்தைகளின் கழுத்து மாட்டி உயிர் போன விபத்துகள் பல நாடுகளில் நடந்திருக்கின்றன.

திரையில் தண்ணீர் தெளித்தால் குளிருமா? ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக இழுத்துக்கொள்ளும் வெப்பம் மின்சாரக் கணக்கில் மூன்றில் இரண்டு பங்கு யூனிட். பெரிய தொகைதான். ஆனால் அது ஆவியாக வேண்டுமே. மே மாதம் முற்பகலில் மேற்கிலிருந்து நிலக்காற்று வீசி, வெப்பம் 40 டிகிரியும் ஈரப்பதம் 25 சதவீதமுமாக இருக்கும்போது, நனைந்த வெட்டிவேர் தட்டி வழியே வரும் காற்று கொள்கையளவில் 24 டிகிரி பக்கம்வரை இறங்கலாம். கடற்காற்று வந்து வெப்பம் 34, ஈரப்பதம் 65 என்று ஆனபின் அந்த எல்லை 28க்கும் மேலே. அதோடு அறை கசகசக்கும். 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானதுபோன்ற நாட்களில் வெட்டிவேர் தட்டி அருமையான யோசனை. கடற்காற்று தொட்டதும் வாளியை ஓரமாக வைத்துவிடலாம். மூங்கில் திரையில் தெளிப்பதில் பயன் குறைவு. மூங்கிலின் மேல்தோல் சிலிக்கா நிறைந்து வழவழப்பாக இருப்பதால் தண்ணீர் தங்காமல் ஓடிவிடும். வேருக்குள் தங்கும் அளவு இங்கே தங்காது.

அந்தத் தோல்தான் மூங்கிலின் கவசமும். பச்சைத்தோல் இருந்த பக்கம் வெளியே பார்க்கும்படி மாட்டினால் மழைத்தண்ணீர் வழிந்துவிடும். மூங்கில் புல் இனம் என்பதால் அதன் நார்கள் நீளவாட்டில் மட்டுமே ஓடுகின்றன. ஈரத்தில் குச்சி சற்றே பருக்குமே தவிர நீளாது. கோடையில் எடுத்த அகலம் ஐப்பசியிலும் அதுவேதான். (புல்லாகிய மூங்கிலை 1927ஆம் ஆண்டு வனச் சட்டம் மரம் என்று வகுத்து வைத்திருந்தது. காட்டுக்கு வெளியே வளரும் மூங்கிலை அந்தப் பட்டியலிலிருந்து எடுக்க 2017 ஆகிவிட்டது.) வார்னிஷ் அடிப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. தெளிவான வார்னிஷை ஊடுருவும் புற ஊதாக் கதிர், அடியில் இருக்கும் லிக்னினைச் சிதைக்கிறது. பூச்சு செதில் செதிலாக உரிகிறது. நரைத்துப்போன திரை நிழலுக்குக் குறைவில்லாதது.

வடசென்னையில் மூங்கிலுக்கு முன்னால் உயிரை விடுவது இரும்புக் கொக்கி. கடற்காற்றோடு வந்து படியும் உப்பு, ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டியதும் காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கரைந்துவிடும். இங்கே பல இரவுகளில் அது தாண்டுகிறது, மழையே இல்லாமல் கொக்கி நனைகிறது. பித்தளையோ எவர்சில்வரோ போடுங்கள். திரைக்குக் கொடுத்த விலையில் இது பெரிதில்லை. கொக்கி தாங்க வேண்டியது ஐந்து கிலோ எடையை மட்டும் அல்ல. காற்றழுத்தம் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். மணிக்கு 36 கிலோமீட்டர் காற்றில் ஐந்துக்கு ஐந்து திரையின் மேல் விழும் விசை சுமார் 14 கிலோ எடைக்குச் சமம். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் வந்தபோது அடித்ததுபோல் மணிக்கு 108 கிலோமீட்டர் என்றால் ஒன்பது மடங்கு, 125 கிலோவுக்கும் மேல். சந்துகள் வழியே கொஞ்சம் காற்று நழுவிப்போனாலும் அந்த விசையைச் சன்ஷேட் விளிம்பில் அடித்த ஆணி தாங்காது.

ஆகவே அக்டோபர் நடுவில், வடகிழக்குப் பருவமழைக்கு முன், திரையைக் கழற்றிவிடுவது நல்லது. மேற்கு வெயிலின் உக்கிரமும் அதற்குள் தணிந்திருக்கும். வெயிலில் ஒரு நாள் காயவைத்து, பழைய செய்தித்தாளின் மேல் விரித்துத் தட்டிப் பாருங்கள். மாவுபோல வெளிர் மஞ்சள் தூள் கொட்டினால் உள்ளே வண்டு இருக்கிறது என்று பொருள். மூங்கிலில் தேங்கிய மாவுச்சத்துக்காக அது வருகிறது. வெட்டிய மூங்கிலைச் சில வாரம் தண்ணீரில் ஊறப்போட்டு மாவுச்சத்தைக் கரையவிட்ட பிறகு சீவிய திரைகளில் இந்தத் தொல்லை குறைவு, ஆனால் கடையில் கண்ணால் பார்த்து அதைக் கண்டுபிடிக்க வழியில்லை. போரிக் அமிலம் இரண்டு பங்கு, வெண்காரம் மூன்று பங்கு என்று கலந்து, நூற்றுக்கு ஐந்து வீதம் வெந்நீரில் கரைத்து, குச்சிகளின் வெட்டுமுனைகளில் நன்றாக ஊறும்படி தடவலாம். முனை வழியாகத்தான் கரைசல் உள்ளே போகும், தோல் வழியாகப் போகாது. ஓட்டைகள் ஏற்கெனவே நிறைய இருந்தால், குச்சிகளைக் கழித்துவிட்டுக் கப்பியையும் கொக்கியையும் அடுத்த திரைக்கு எடுத்துவையுங்கள்.